காலி நீச்சல் குளத்தில் ஒரு கட்டில்

ஃபென்னா நீச்சல் குளத்தின் அடியில் குடியிருந்தாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான். ஆம்ஸ்டர்டாமின் கிழக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரமாக ஒரு பழைய நீச்சல் கூடம். தண்ணீரை வடித்துவிட்டு மூடிப் பல வருடங்களாகிவிட்டன. அதை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். அதுவரை யாரும் பூட்டை உடைத்து உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று எங்களைப் போன்றவர்களைக் காவலுக்குக் குடிவைத்திருந்தது ஒரு கம்பெனி. வாடகை கொஞ்சம், உரிமை அதைவிடக் கொஞ்சம். நாய் கூடாது, மெழுகுவர்த்தி கூடாது, சுவரில் ஆணி கூடாது, குழந்தை கூடாது. போகச் சொன்னால் நான்கு வாரத்தில் போய்விட வேண்டும்.

என் பெயர் ஹார்மென். டிராம் ஓட்டுகிறேன். மனைவி பிரிந்த பிறகு இந்த ஊரில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு வாடகை விசாரித்தேன். என் மாதச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தால் கட்டுப்படியாகும் என்று தெரிந்தது. அதனால் நீச்சல் கூடத்தில் டிக்கெட் கொடுக்கும் அறை எனக்கு வாய்த்தது. மூன்று பக்கமும் கண்ணாடி. நான் சட்டை மாற்றுவதை ஊரே பார்க்காமலிருக்க செய்தித்தாள் ஒட்டிக்கொண்டேன்.

ஃபென்னாவுக்கு உடைமாற்றும் அறையைக் கொடுத்தார்கள். அவள் அதை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு கட்டிலைத் தனித்தனியாகக் கழற்றி, இரும்பு ஏணி வழியே குளத்துக்குள் இறக்கினாள். ஆழமான பக்கத்தில் மறுபடி பொருத்தினாள்.

"பைத்தியமா உனக்கு?" என்று மேலே நின்று கேட்டேன்.

"இங்க வந்து படுத்துப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க."

இறங்கிப் படுத்துப் பார்த்தேன். கூரையில் நீளக் கண்ணாடிகள். மத்தியான வெயில் அதன் வழியாக இறங்கி நீல ஓடுகளில் பட்டதும், இல்லாத தண்ணீர் அசைய ஆரம்பித்தது. சுவரெல்லாம் நெளிந்தது. இருமினால் அந்தச் சத்தம் தூரத்தில் யாரோ குதித்தது போலத் திரும்பி வந்தது. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியவில்லை. டிராம் டிப்போவுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன்.

அவள் வடக்கே க்ரோனிங்கன் பக்கத்துப் பெண். பள்ளி முடித்த கையோடு இங்கே வந்து, வாய்க்கால் பாலங்களைத் தூக்கி இறக்கும் வேலையில் சேர்ந்தாள். தண்ணீர் மேல் ஒரு சின்னக் கூண்டு, ஒரு நாற்காலி, ஒரு கெட்டில். படகு வந்தால் பாலம் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். நடுவில் இருக்கிற நேரமெல்லாம் தண்ணீரைப் பார்க்கலாம். பிறகு எல்லாப் பாலத்துக்கும் கேமரா வைத்து, அவளை ஒரு கட்டடத்தில் திரைகளுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அவளுடைய கூண்டு இப்போது ஹோட்டல் அறை. அங்கே ஒரு ராத்திரி தூங்கக் கேட்கிற காசு, நாங்கள் குளத்துக்குக் கொடுக்கும் மாத வாடகை. அதை நினைத்தால் எனக்குத்தான் வயிறு எரியும். அவளோ சிரிப்பாள்.

"நான் அங்க சும்மாவே தூங்கியிருக்கேன், ஹார்மென். சம்பளமும் குடுத்தாங்க."

மானிய வீட்டுக்கு அவள் பெயர் எழுதிப் பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. இந்த ஊரில் அந்த வரிசை அப்படித்தான். நடுவில் அவள் இதே மாதிரிக் காவலுக்கு ஒரு காலிப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள், மூடிக்கிடந்த ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தாள், ஒரு பேங்க்கில் காசு வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குளிர்காலம் முழுக்கச் சமைத்துச் சாப்பிட்டாள். எங்கேயும் ஒரு கறை வைத்ததில்லை. காலி செய்தால், அங்கே ஒருத்தி இருந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. கம்பெனிக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் ஏணியில் இறங்குவதை விட்டுவிட்டு, ஆழமில்லாத பக்கத்துப் படிக்கட்டு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தாள். அதற்கடுத்த மாதம் கம்பளிச் சட்டை போதாமல் என்னுடைய டிராம் கோட்டைக் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"யாரு?"

"கப்பல்ல சமையல் பண்றவன். நல்ல ஆளுதான். கப்பல் போயிடுச்சு."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா?"

"வெளியதான்."

சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே இருந்தாள். வீடு தேடாமல் இல்லை. தேடினோம். மேற்கே ஒரு மாடி அறை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும், அதற்கு அவள் சம்பளத்தில் முக்கால்வாசி. அதையும் பார்க்க முப்பது பேர் படிக்கட்டில் நின்றார்கள். வீட்டுக்காரர் அவள் வயிற்றைப் பார்த்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரும் வழியில் இரண்டு காபி குடித்ததற்கு நான் கொடுத்த காசில் ஒரு காலத்தில் சாப்பாடே சாப்பிட்டிருக்கிறேன். புலம்பினேன். அவள் காதில் வாங்கவில்லை. வாய்க்காலில் ஒரு வாத்து குஞ்சுகளோடு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஒரு கனவு. குளத்துல தண்ணி வந்திருச்சு. நான் அடியில படுத்திருக்கேன், மூச்சு நல்லாத்தான் இருக்கு. மேல நெறைய சின்னக் கால்கள் நீந்துது. எல்லாம் சின்னச் சின்னக் கால்கள்."

மருத்துவச்சி ட்ரூஸ் வந்தாள். ஊரில் பாதிப் பேரை வெளியே எடுத்தவள், வாய் நீளம். குளத்தின் விளிம்பில் சைக்கிள் பையோடு நின்று கீழே பார்த்தாள்.

"ஏம்மா, தண்ணிக்குள்ள பெத்துக்கறவங்களப் பாத்திருக்கேன். தண்ணி இல்லாத குளத்துல இப்பதான் பாக்கறேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

"எதுக்கு? நீ குதிரையாட்டம் இருக்க. ஆனா நான் ஏணியில எறங்க மாட்டேன். கட்டில இந்தப் பக்கம் கொண்டா. ஒசத்தி வை. குனிஞ்சு குனிஞ்சு என் முதுகு போச்சுன்னா எனக்கு யாரு பாக்கறது?"

எங்கள் ஊர் வழக்கம் அது. வீட்டில் பிரசவம் என்றால் கட்டிலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். காலி பியர் பெட்டிகளைக் கொண்டுவந்து கால்களுக்குக் கீழே கொடுத்தேன். அங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்யாமல் போனது. கட்டில் பெட்டி மேல் ஏறியிருந்தால் அந்த வீட்டில் குழந்தை வரப்போகிறது என்று இந்த நாட்டில் யாருக்கும் தெரியும். வயிற்றைக் கோட்டுக்குள் மறைத்தோம், கட்டிலை விட்டுவிட்டோம்.

மறுநாளே கம்பெனி ஆள் ரைன்டர் வந்துவிட்டான். மாதம் ஒருமுறை சொல்லாமல் வருவான். நல்ல உயரம், எப்போதும் ஜலதோஷம். ஃபென்னா வேலைக்குப் போயிருந்தாள். அவன் கட்டிலைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டேன்.

"அவளுக்கு முதுகு வலி, தம்பி. தாழப் படுத்தா எழுந்திருக்க முடியல."

ரைன்டர் மூக்கைத் துடைத்தான். "அந்த மாதிரி முதுகு வலி ஒம்போது மாசத்துல தானா சரியாயிடும்" என்றான். ஒரு பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்தான். "ஓடு வழுக்கும். அடியில ரப்பர் குடுங்க." தீப்பிடித்தால் அலறும் புகை மணியை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

குழந்தை ஒரு வெள்ளிக்கிழமை காலை, கூரைக் கண்ணாடி வெளுக்கும்போது பிறந்தது. நான் குளத்தின் மறுகோடியில் சுவரைப் பார்த்து நின்றேன். முதல் அழுகை எழுந்தது. அந்தக் கூடம் அதை வாங்கி, பெரிதாக்கி, நாலு பக்கமும் திருப்பி அனுப்பியது. ஒரு நிமிஷம் கூடம் நிறையக் குழந்தைகள் இருந்தன. நான் அழுதேன். ட்ரூஸ் அங்கிருந்தே கத்தினாள்: "ஹார்மென், பெத்தவளே சிரிக்கறா, நீ எதுக்கு ஒப்பாரி வைக்கற? டீ போடு!"

பெண் குழந்தை. மைகே என்று பெயர்.

ஐந்தாம் நாள் ரைன்டர் மறுபடி வந்தான். மாதம் முடியவில்லை, ஆபீசில் யாரோ அனுப்பியிருக்க வேண்டும். ஃபென்னா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், குழந்தை அவள் மார்பில் தூங்கியது. நான் கொஞ்சமும் யோசிக்காமல், வழக்கம் எதுவோ அதைச் செய்தேன். ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, ரோஸ் நிறச் சோம்பு மிட்டாயைத் தூவி, தட்டில் வைத்து நீட்டினேன். பிறந்த வீட்டில் கொடுக்கும் ரஸ்க்கை எங்களில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அவன் அதைக் கையில் வாங்கிக்கொண்டான். கடிக்கவில்லை.

"வழக்கமா கேக்கறதுதான்" என்றான். இன்னொரு கையில் போன். "ஃபென்னா, உன் எடத்துல எத்தன பேரு இருக்கீங்க?"

ஃபென்னா குழந்தையின் முதுகைப் போர்த்தினாள்.

"நான் சுத்திப் பாக்கல" என்றான் ரைன்டர், ஓடுகளைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு ஜலதோஷம், காதும் அடைச்சிருக்கு. நீ என்ன சொல்றியோ அதத்தான் போடுவேன். ஒருத்தின்னா ஒருத்தி. வீட்டு வரிசையில உனக்கு இன்னும் ரெண்டு வருஷமோ என்னமோதான்னு சொல்லியிருக்க, அதுவரைக்கும் இங்கயே இருந்துக்கலாம். யோசிச்சுச் சொல்லு."

எனக்கு உயிர் வந்தது. அவன் கையைப் பிடித்துக் கும்பிட்டிருப்பேன். ஃபென்னா குழந்தையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரு."

"அவ தூங்கியே அஞ்சு நாளாச்சு, தம்பி. ஒளர்றா" என்று நான் குறுக்கிட்டேன்.

"ஒளறல. ரெண்டு பேரு, ரைன்டர். போடு."

அவன் மூக்கைத் துடைத்தான். பிறகு போனில் கட்டை விரலால் அழுத்தினான்.

"பேரு என்ன?"

"அதுக்கும் ஒன் போன்ல எடம் இருக்கா?"

"இல்ல. நான் கேக்கறேன்."

"மைகே."

அவன் தலையாட்டினான். அப்புறம் அந்த ரஸ்க்கை முழுசாகச் சாப்பிட்டான். ஓட்டில் சிந்திய ரோஸ் மணிகளையும் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். "நாலு வாரம்" என்றான் தட்டைக் கொடுக்கும்போது. படியேறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அவளைத் திட்டினேன். இவ்வளவு நாள் காத்திருந்ததை ஒரு வாய்ப்பேச்சில் கொட்டிவிட்டாய் என்றேன், முட்டாள் என்றேன். அவள் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நோட்டீஸ் வந்தது. ஊருக்குள் இடம் கிடைக்கவில்லை, கிடைக்கும் என்று நாங்கள் நம்பவும் இல்லை. ரயிலில் வெகு தூரம் போனால் அவள் அக்கா வீடு, ஸ்வோலவில். அங்கே மாடியில் ஒரு அறை காலி. தினமும் அங்கிருந்து வந்து இந்த ஊர்ப் பாலங்களைத் தூக்குவதாக முடிவு செய்தாள்.

கிளம்பும் நாள் அவளுடைய சாமான் எல்லாம் ஒரு தள்ளுவண்டி சைக்கிளில் அடங்கிவிட்டது. ஸ்டேஷன் வரை மிதித்தேன். அவள் குழந்தையை என் டிராம் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். பிளாட்ஃபாரத்தில் எனக்குத் தாங்கவில்லை.

"ஒரு வார்த்தை, ஃபென்னா. 'ஒருத்தி'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அவனே எடுத்துக் குடுத்தானே. ஏன் சொல்லல?"

ரயில் வந்து நின்றது. அவள் குழந்தையின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள்.

"நான் இல்லாத மாதிரி இருக்கறது எனக்குப் பழக்கம், ஹார்மென். அன்னிக்கு அவ பொறந்து அஞ்சு நாள்தான் ஆகியிருந்துச்சு. அதுக்குள்ள அவ இல்லன்னு எப்படிச் சொல்றது?"

சாமானை நான் ஏற்றிக் கொடுத்தேன். கதவு மூடும்போதுதான் கோட்டு அவளிடமே இருப்பது நினைவுக்கு வந்தது, நான் கேட்கவில்லை.