இறக்கம் பார்த்து நிறுத்திய கார்

என் மனைவி ஒரு காரின் சாவுக்காக இரண்டு வருடம் காத்திருந்தாள். இதை அவள் எதிரிலேயே சொல்வேன், அவளும் மறுக்கமாட்டாள். கார் என்னுடையது. வயதில் என்னைவிட ஓரிரண்டு வருடம்தான் இளையது. டீ பேக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தபோது, ஊரைவிட்டுப் போன ஒரு எஸ்டேட் டாக்டரிடமிருந்து வாங்கினேன். வட்ட விளக்கு, குண்டு முதுகு, கதவைச் சாத்தினால் இரும்புப் பீரோவைச் சாத்திய சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே சும்மா இரண்டு தடவை சாத்திப் பார்ப்பேன்.

அவளுக்குக் காரின்மேல் தனிப்பட்ட விரோதம் ஏதும் கிடையாது. கார் நின்ற இடம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. வெயில் படாது, எப்போதும் குளிர்ச்சி, எப்போதும் ஈரம். காளான் வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து அந்தக் கொட்டகையைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் மாறிவிடும். சிப்பிக் காளான் பைகளை எங்கே தொங்கவிடுவது, தண்ணீர் தெளிக்க எங்கே நிற்பது என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. உள்ளே கார் நிற்கும்போதே டேப் வைத்து அளந்தாள். நான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதும் அளந்தாள்.

அவளுக்கு நம்பிக்கை கொடுத்தது அந்தக் காரேதான். காலையில் ஸ்டார்ட் ஆகாது, குளிர்காலத்தில் கேட்கவே வேண்டாம். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில், தேயிலைச் சரிவில் இருக்கிறது எங்கள் வீடு. தை மாதம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். சோக் குமிழை முழுக்க இழுத்து சாவியைத் திருப்புவேன். என்ஜின் சுற்றும், சுற்றும், முனகும், பேட்டரி களைத்து நின்றுவிடும். குளிர் என்றேன். கார்புரேட்டர் மேல் சுடுதண்ணீரில் நனைத்த துணியைப் போட்டேன். முந்தின நாள் சாயங்காலமே பானெட்டுக்குக் கம்பளி போர்த்தினேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான கம்பளி என்பதால் அந்த வைத்தியம் ஒரே நாளில் முடிந்தது.

அப்புறம் பெட்ரோல் அதிகமாகப் போய் ப்ளக் நனைந்துவிடுகிறது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். நான்கு ப்ளக்கையும் கழற்றி அடுப்படிக்குக் கொண்டுபோய் அவளுடைய தோசைக்கல்லில் அடுக்கிக் காயவைத்தேன். அவள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது காஞ்சுதானுங்க கெடக்குது. காஞ்சதையே எதுக்கு மறுபடி காய வைக்கறீங்க?"

"உனக்கு இதெல்லாம் தெரியாது."

இந்த வாக்கியத்தை நான் சொன்னதை இன்றுவரை மறக்க முயல்கிறேன். அவள் விடுவதாக இல்லை.

கடைசியில் காரை எழுப்பும் ஒரே வழி தள்ளுவதுதான் என்று ஆனது. மலையில் வண்டி வைத்திருக்கும் எவரும் வண்டியை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். பேட்டரி செத்தாலும் உருட்டிவிட்டு கியர் போட்டால் கிளம்பிவிடும். இதை எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை, செருப்பை வாசலில் கழற்றுவதுபோல் தானாக வந்துவிட்டது. என் கொட்டகையும் சரிவில்தான். ஆகவே தினமும் சாயங்காலம் கழுத்தைத் திருப்பிக் கஷ்டப்பட்டு ரிவர்ஸில் ஏற்றி, மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்துவேன்.

தள்ளும் வேலைக்குத் தலைவர் பக்கத்து வீட்டு அண்ணன். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர், எழுபதைத் தாண்டியவர். அவர் காரைத் தொடவே மாட்டார். ஓரமாக நின்று மப்ளரைச் சரிசெய்துகொண்டு ஆளை ஏவுவார். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள், பால் வாங்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிடுவார்கள்.

"தம்பி, சாவி போட்டு எழுப்ப ஏலாது. பெற்றோல் குளிர்ல வெறச்சுப் போச்சு. தள்ளத்தான் வேணும். ம், எல்லாரும் கைய வைங்க!"

கார் உருளும். இறக்கத்தில் கியர் போடுவேன், உதறும், கிளம்பாது. மறுபடி போடுவேன், மறுபடி உதறும். சரிவு முடிந்து பஸ் நிறுத்தத்துச் சமதரைக்கு வந்ததும் புகையைக் கக்கிக்கொண்டு உயிர் வரும். எல்லோரும் கைதட்டுவார்கள். "தள்ளின தள்ளு அப்பிடி" என்பார் அண்ணன். அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

குன்னூர் மெக்கானிக்கிடம் மூன்று தடவை கொண்டுபோனேன். அவருடைய பட்டறைத் தரை வழுவழுவென்று சமமானது. அங்கே முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகும். அவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்.

"வண்டில ஒண்ணுமில்லீங்க. ஒண்ணே ஒண்ணு, இப்ப வர்ற பெட்ரோல் ரொம்ப நாள் டேங்கில நின்னா கெட்டுப்போயிருமுங்க. நாலஞ்சு லிட்டருக்கு மேல வெக்காதீங்க. தீரத் தீரப் புதுசா போட்டுக்குங்க."

முன்பும் காசுக்குத் தக்கபடி அஞ்சு லிட்டர்தான் போடுவேன், அவர் சொன்னதையும் தட்டாமல் செய்தேன். அதற்குப் பிறகு டேங்கில் நாலு லிட்டருக்கு மேல் எப்போதும் நின்றதில்லை. காரும் வழக்கப்படி காலையில் எழவில்லை. ஊட்டிக்கு ஏறும்போது ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஏறும். குன்னூருக்கு இறங்கும்போது மட்டும் இருமும். "பழைய வண்டி, ஏத்தத்துக்குப் பழகினது" என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு தடவை மட்டும் அதிசயம் நடந்தது. தீபாவளி சமயத்தில் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. ரிவர்ஸ் எடுக்கத் திரும்பிப் பார்க்க முடியாமல் காரை நேராக, மூக்கு மேலே பார்க்கும்படி கொட்டகைக்குள் விட்டுவிட்டேன். மறுநாள் நல்ல குளிர். சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. முந்தின நாள்தான் புது ப்ளக் மாற்றியிருந்ததால் ப்ளக்குக்கு நன்றி சொன்னேன். கழுத்து சரியானதும் மறுபடி மூக்கு கீழே. மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. ப்ளக் போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன். அந்த மனிதரிடம் இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் காரின் பதிவுக் காலம் முடிந்தது. பழைய காரென்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஊட்டியில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஓட்டிக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதில் தேறாவிட்டால் ரோட்டில் ஓட்ட முடியாது. அப்புறம் பழைய இரும்புக் கடைதான். நான் காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவளோ காளான் விதை தருகிற இடத்தில் சொல்லிவைத்துவிட்டாள்.

"நானும் கூட வர்றனுங்க. வரும்போது விதையை வாங்கியாந்துரலாம்" என்றாள். சாவு வீட்டுக்குப் பழைய பாத்திரம் வாங்குகிறவனைக் கூட்டிப்போகிற கதையாக இருந்தது எனக்கு. ஆனாலும் அழைத்துப்போனேன்.

காலையில் வழக்கப்படி தள்ளிக் கிளப்பினோம். அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அண்ணனையும், தள்ளுவதில் தேர்ந்த நாலு பேரையும் பின்னால் ஒரு ஜீப்பில் வரச்சொல்லியிருந்தேன். உலகத்திலேயே தள்ளுபடையோடு சோதனைக்குப் போன கார் என்னுடையதாகத்தான் இருக்கும்.

சோதனை நடந்த மைதானம் சரிவானது. வரிசை நீளமாக இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பி, காரை இறக்கம் பார்த்து நிறுத்தியது. இரண்டு மணிநேரம் காத்திருந்தோம். இன்ஸ்பெக்டர் வந்தார். இளவயதுப் பெண், சத்தமில்லாத பேச்சு. காகிதத்தோடு பதிவெண்ணை ஒப்பிட்டார், விளக்கைப் பார்த்தார், கதவைச் சாத்திப் பார்த்து லேசாகச் சிரித்தார். எனக்குத் தெம்பு வந்தது.

"ஸ்டார்ட் பண்ணுங்க சார்."

திருப்பினேன். சுற்றியது, சுற்றியது, முனகியது. மறுபடி திருப்பினேன். அதே முனகல். டீக்கடைப் பக்கமிருந்து அண்ணனும் நாலு பேரும் ஓடிவந்து காரின் முதுகில் கையை வைத்துவிட்டார்கள்.

"தள்ளக் கூடாதுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "சாவி போட்டு ஸ்டார்ட் ஆகணும்."

"அம்மா, இது சாவிக்கு எழும்பாதும்மா. தள்ளினா சிங்கம்!" என்று அண்ணன் எனக்காக வாதாடினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் போனை எடுத்துப் படம்பிடித்தார். "பெருசு, வண்டிய வெச்சிருக்கீங்களா, வண்டி உங்கள வெச்சிருக்குதா?" என்று யாரோ கேட்க, சிரிப்பு இன்னும் பலமானது. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுகிற நிலைக்கு வந்துவிட்டான் என்பதை இப்போது எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"பத்து நிமிஷம் தர்றேன். இல்லைன்னா ஆகாதுன்னுதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் அடுத்த வண்டிக்குப் போனார்.

பக்கத்து சீட்டில் அவள் இருந்தாள். மடியில் விதை வாங்குவதற்கான மஞ்சப்பை. அவள் இன்னும் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், கொட்டகை அவளுடையது. அவள் பையைச் சுருட்டிக் கீழே வைத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, நேராக இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"ஏனுங்மா, ஸ்டார்ட் பண்றதுக்குத் தள்ளலீங்க. கியர் போடாம சும்மா உருட்டி, அந்தச் சமதரையில கொண்டுபோயி நிறுத்திக்கறோமுங்க. நிறுத்திட்டு சாவி போட்டுத்தான் எடுப்பாரு. ஆகுமுங்களா?"

"அது பரவாயில்லை, செய்யுங்க."

என்னிடம் வந்து கண்ணாடியைத் தட்டினாள். "கியர் போடாதீங்க. பிரேக்க மட்டும் பாத்துக்குங்க."

"சமதரைக்குப் போனா மட்டும்?"

"குண்டாவுல ரசம் அடில கொஞ்சூண்டு இருக்குது. குண்டாவ முன்னாடி சாய்ச்சு வெச்சுட்டுக் கரண்டிய பின்னாடி உட்டா என்னங்க வரும்?"

டேங்க் காரின் பின்னால். பெட்ரோலை உறிஞ்சும் குழாய் டேங்கின் பின்பக்கத்து ஓரத்தில். நாலு லிட்டர் பெட்ரோல், மூக்கு கீழே. பெட்ரோல் முழுக்க டேங்கின் முன்பக்கம் ஓடிவிடும். குழாய் வெறும் காற்றைத்தான் குடிக்கும். ப்ளக் காய்ந்து கிடந்தது, இறக்கத்தில் இருமியது, பஸ் நிறுத்தத்தில் உயிர் வந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் மண்டையில் உறைத்தது. எந்தக் கார் நின்றுபோனால் உருட்டலாம் என்று இறக்கம் பார்த்து நிறுத்தினேனோ, அந்தக் காரை நின்றுபோகச் செய்ததே அப்படி நிறுத்தியதுதான்.

படை உருட்டியது. சமதரையில் நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன். பத்து எண்ணுவதற்குள் பெட்ரோல் ஏறி, என்ஜின் பிடித்துக்கொண்டது. அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். தள்ளாமல் கிளம்பியது அவருக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்திருக்கும். ஒரு வட்டம் ஓட்டிக் காட்டினேன், இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

"அஞ்சு வருசமா?" என்று அவள் அவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் விதை வாங்க வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. கேத்தியைத் தாண்டிய பிறகுதான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"உங்களுக்குக் கழுத்துப் புடிச்சப்பவே."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா வண்டி நல்லா ஓட ஆரம்பிச்சிருமில்லீங்க" என்றாள், ஒளிவுமறைவில்லாமல்.

"அப்ப இன்னிக்கு மட்டும் எதுக்குச் சொன்னே?"

அவள் வெளியே கேரட் தோட்டத்தைப் பார்த்தாள். "வண்டியப் பாத்துச் சிரிச்சிருந்தா உட்டிருப்பனுங்க. அவங்க உங்களப் பாத்துச் சிரிச்சாங்க."

முப்பத்தைந்து வருடமாக எனக்குக் கடைசி வார்த்தை பேசித்தான் பழக்கம். அன்றைக்கு அதை அவளுக்கு விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் கொட்டகையிலிருந்து காரை வெளியே எடுத்தேன். எதிர்ப்பக்கம் ரோட்டோரத்தில், மூக்கு மேலே பார்க்கும்படி நிறுத்தினேன். உறைபனி நேராக அதன் தலையில் விழும் என்பது தெரியும். தார்ப்பாயை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வாசலுக்கு வந்தாள். காலியான கொட்டகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, கார் பின்னால் உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்து, காலால் நன்றாக அழுத்திவிட்டுப் போனாள்.