டிவி தின்ற கடைசி வரி

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளோடு டிவி வழியே வீடியோவில் அரை மணி நேரம் பேசுகிற பேச்சை அவர் மனைவி இரண்டே சொல்லில் முடித்துவிடுவாள். அவர் பார்க்கும்படி வாயை நன்றாகத் திறந்து, "நல்லா இருக்காளாம்" என்பாள். அதற்குமேல் கேட்டால் கையை ஒரு சுழற்றுச் சுழற்றுவாள். மற்றதெல்லாம் சும்மா பேச்சு என்று அர்த்தம்.

"சும்மா பேச்சுக்கு எதுக்குக் கண்ணைத் தொடைச்சே?" என்று ஒருநாள் கேட்டார். அவள் பால் பொங்குகிறது என்று சமையலறைக்குப் போய்விட்டாள். அடுப்பில் பாலே இல்லை.

பட்டறைத் தெருவில் அவருக்கு மூலைமட்டம் என்று பெயர். எதைக் கண்டாலும் மூலை நேராக இருக்கிறதா என்று அந்த இரும்பு மூலைமட்டத்தை எடுத்து வைத்துப் பார்க்கிற ஆள். டாக்டர் மேஜையைக்கூட விட்டதில்லை. ஆறாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தகரம் வெட்ட வந்தவர். பெரிய கட்டடங்களுக்குள் குளிர்காற்று போகிற தகரக் குழாய் செய்வதுதான் தொழில். மடிக்கிற மிஷின் ஒன்று, வெட்டுகிற மிஷின் ஒன்று, மரச்சுத்தியல் நாலு, மனைவி பேரில் வாங்கிய சொந்தக் கொட்டகை ஒன்று. நாற்பது வருஷம் அவர் தகரத்தை அடித்தார். தகரம் அவர் காதை அடித்தது. முதலில் குருவிச் சத்தம் போயிற்று, பிறகு போன் மணி, பிறகு மகளின் குரல். காது மிஷின் வைத்தால் இரைச்சல்தான் பெரிதாகும், பேச்சு பெரிதாகாது. எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். பட்டறை ஆட்கள் தகரத்திலேயே சாக்கட்டியால் எழுதிக் காட்டுவார்கள். வேலைக்கு ஒரு குறையும் இல்லை.

மகள் வாயைத்தான் பிடிக்க முடியவில்லை. அவளுக்கு வேறு ஊரில் வேலை. டிவியில் அவள் படம் விட்டு விட்டு வரும். போதாததற்கு, திரும்பித் திரும்பித் துணி மடித்துக்கொண்டே பேசுவாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் கொட்டகை வாசலில் ஒரு லாரி பின்னோக்கி வந்தது. ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை. ஒரு முழம் தள்ளியிருந்ததால் தப்பினார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்து, ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் பேச்சு கூடிவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால் மனைவியின் தம்பி, அவர் மச்சான், ஒரு புது ஆளைக் கொட்டகைக்கு அழைத்து வந்தான்.

"சும்மா பார்க்க வந்தாரு மச்சான்."

"சும்மா பார்க்க வந்தவரு எதுக்கு அடி வெச்சு நீளம் எண்ணுறாரு?"

மச்சான் சிரித்து மழுப்பினான். அந்த ஆளுக்கு இவர்தான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். கொடுத்த பிறகுதான் மனசு உறுத்தியது. என்னவோ நடக்கிறது, தன் கொட்டகையைப் பற்றி நடக்கிறது, தன் முன்னாலேயே நடக்கிறது.

மறுநாளே கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போய் நின்றார். கடைக்காரர் பருமனான மனிதர், நாற்காலியை விட்டு எழுந்திருக்க யோசிப்பவர். ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் என்கிற இலவச சாஃப்ட்வேர் போட்டு, பேசப் பேச எழுத்தாக வரும்படி செய்து, டிவியில் மாட்டிக் கொடுத்தார். இந்தப் பக்கம் பேசினாலும் அந்தப் பக்கம் பேசினாலும் படத்துக்கு அடியில் இரண்டு வரி வரும். இரண்டும் சேர்ந்தே மறையும், அடுத்த இரண்டு வரி வரும்.

அந்த ஞாயிறு டிவி முன்னால் உட்கார்ந்தார். முதல் வரி வந்தது: "கொட்டகை விஷயம் மாமா பேசிட்டாரா, அந்த ஆளு". இரண்டாவது வரி திரைக்குக் கீழே இருந்தது. எழுத்தின் உச்சி மட்டும் மயிரிழைபோலத் தெரிந்தது. அடுத்து வந்தது: "அப்பாவுக்குத் தெரிஞ்சா". அதற்கும் கீழ்வரியை டிவி தின்றுவிட்டது.

"எனக்குத் தெரிஞ்சா என்ன?" என்று மனைவியைக் கேட்டார்.

"தெரிஞ்சா சந்தோஷப்படுவீங்கன்னு சொன்னா."

அந்தச் சந்தோஷத்தில் அவர் அன்று சாப்பிடவில்லை.

கடைக்காரரை வீட்டுக்கே இழுத்து வந்தார். கடைக்காரர் ரிமோட்டை வைத்துப் படத்தை இழுத்தார், அகட்டினார், குறுக்கினார். எதைச் செய்தாலும் கடைசி வரி வெளியே வரவில்லை.

"சில டிவில படத்தை உள்ளபடியே காட்டுன்னு ஒரு வழி இருக்கும். இதுல இல்லண்ணே. பழைய குண்டு டிவி காலத்துல படத்தோட ஓரம் நெளிஞ்சு வரும். அதை மறைக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கி, ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால தள்ளிடுவாங்க. ஓவர்ஸ்கேன்னு பேரு. இது தட்டை டிவிதான், ஆனா பழக்கம் அதேதான்."

"நெளிஞ்ச தகரம் வந்தா ஓரத்தை வெட்டுறோம். நேரா வந்த தகரத்தையும் எவனாவது வெட்டுவானா?"

"டிவிக்கு அது தெரியாதே. விடுங்கண்ணே, ஒரு வரிதானே. மேல்வரியை வெச்சு ஊகிச்சுக்க வேண்டியதுதான். இல்லன்னா புது டிவி வாங்குங்க."

"உனக்கு நான் குழாய் செஞ்சு மாட்டுறேன். கடைசில ஒரு சாண் குறையுது. ஊகிச்சுக்கோன்னு சொன்னா ஒத்துக்குவியா?"

கடைக்காரர் ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "டிவி அடங்கலன்னா கம்ப்யூட்டரையே படத்தைச் சுருக்கி அனுப்பச் சொல்லலாம். ஒரே ஒரு வரி உத்தரவுதான். ஆனா எவ்வளவு சுருக்கணும்னு டிவிக்கு டிவி மாறும். நம்பரை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டே இருக்கணும். நமக்கெங்க நேரம்?"

"எழுதிக் குடு. நம்பரை நான் பார்த்துக்கறேன்."

ஆங்கிலத்தில் நீளமாக ஒரு வரி. அகலத்துக்கு ஓர் எண், உயரத்துக்கு ஓர் எண் போடுகிற இடம் மட்டும் காலி. அதை அப்படியே ஒரு தகரத்துண்டில் ஊசியால் கீறி வைத்துக்கொண்டார். காகிதத்தை அவர் நம்புவதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் டிவி முன்னால் உட்கார்ந்தார். மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது அவர் தொழிலில் கிடையாது. முதலில் அளவு, அப்புறம்தான் கத்திரி. கம்ப்யூட்டரில் படம் வரைகிற இடத்தைத் திறந்து, திரை எவ்வளவோ அவ்வளவுக்கு ஒரு சட்டம் போட்டார். அதற்குள் பத்துப் புள்ளி தள்ளி இன்னொரு சட்டம், அதற்குள் இன்னொன்று. பத்து, இருபது, முப்பது என்று ஒவ்வொரு கோட்டின்மேலும் எண் எழுதினார். நடுவில் ஒரு வட்டம். படத்தைத் திரை நிறைய விரித்தார். பக்கவாட்டில் நாற்பது வரை காணோம், ஐம்பதாம் கோடு நிற்கிறது. மேலும் கீழும் இருபது வரை காணோம், முப்பது நிற்கிறது. மிச்சத்தை இரும்பு ஸ்கேல் வைத்து அளந்து கணக்குப் போட்டார். பக்கத்துக்கு நாற்பத்தெட்டு, மேல் கீழுக்கு இருபத்தேழு.

அந்த உத்தரவை ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். வட்டம் அமுங்கி முட்டையாகிவிட்டது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தது, பக்கவாட்டில் இன்னமும் வெட்டு. டிவியை நாலு வார்த்தை திட்டினார். பிறகு தகரத்தைப் பார்த்தார். எண்களை இடம் மாற்றிப் போட்டிருந்தது அவர்தான். திட்டினதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல், எண்களை மட்டும் மாற்றினார். வட்டம் வட்டமாயிற்று. பத்தாம் கோடு வந்தது, வெளிச்சட்டமும் வந்தது. மூலைமட்டத்தை எடுத்து நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தார். நேர்.

கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டால் எல்லாம் மறந்து பழையபடி நின்றது. சரி, தினம் கொட்டகையைத் திறப்பதுபோல இதையும் தினம் அடித்துக்கொண்டால் போகிறது என்று தகரத்துண்டை டிவி பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். சாயங்காலம் வந்த மனைவி அதைப் பார்த்து, "இது என்ன?" என்றாள்.

"டிவிக்கு மருந்துச் சீட்டு."

மறுநாள் மகள் டிவியில் வந்தாள். பாதி வரியில் அவருக்கு என்ன புரிந்துவிடும் என்ற தைரியத்தில் மனைவியும் மச்சானும் முன்னால் உட்கார்ந்தார்கள், அவர் பின்னால் நாற்காலியில். காது கேட்கிறவர்கள் அடியில் ஓடுகிற எழுத்தைப் பார்ப்பதில்லை. அவர் அதை மட்டுமே, மேல்வரியும் கீழ்வரியுமாக, பார்த்தார்.

"செக்கப்புன்னு சொல்லி அப்பாவை இங்க கூட்டிட்டு வந்துடும்மா. / பத்து நாள்ல மாமா கொட்டகையை வித்து முடிச்சிடுவாரு."

"திரும்பி வந்து என்னடி பதில் / சொல்றது அவருக்கு?"

"அக்கா, நீ பயப்படாத. நாளைக்கு அந்த ஆளு மறுபடி வந்து அளக்கட்டும். / மச்சானே பக்கத்துல நின்னு டீ வாங்கிக் குடுப்பாரு பாரு."

"டீ கிடையாது" என்றார் அவர்.

மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். படம் நின்றுவிட்டதோ என்று ஒரு நிமிஷம் அவருக்கே சந்தேகம். பிறகு மகள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"அப்பா, எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"போன வாரம் பாதி. இந்த வாரம் முழுசு."

மச்சான் எழுந்திருக்கப் பார்த்தான். "உட்காருடா, உன் வரியும் வரட்டும்" என்றார். அவன் உட்கார்ந்தான்.

"அந்த லாரிப்பா" என்று மகள் ஆரம்பித்தாள். "ஒரு முழம் தள்ளி / வந்திருந்தா என்ன ஆயிருக்கும்? அம்மா தூங்கவே இல்ல தெரியுமா?"

"லாரி வந்த மறுநாளே வாசல்ல ரெண்டு பக்கமும் பாலிஷ் தகரத்துல கண்ணாடி மாட்டிட்டேன். தரையில ஒரு பலகை இருக்கு. லாரி அதுல ஏறினா என் மிஷின் மேல சிவப்பு லைட் எரியும். உங்கம்மா ஒரு நாள் வந்து பார்த்தாளா? உங்க மாமா பார்த்தான். அந்தக் கண்ணாடில தலை சீவிட்டுப் போனான்."

மனைவி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். மச்சான் தலையைத் தடவிக்கொண்டான்.

"காதுதான் போச்சு. நான் போகல. என் கொட்டகையை விக்கணும்னா என் மூஞ்சியைப் பார்த்துக் கேளுங்க. முடியாதுன்னு என் வாயால சொல்றேன்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்கு நேராக நகர்ந்து உட்கார்ந்தாள். வரி வந்தது.

"சரிப்பா, உங்களையே கேக்குறேன். எங்களுக்குப் பயமா இருக்கு. / கொட்டகையை விட்டுடுங்கப்பா."

கீழ்வரியைக் கடைசி எழுத்துவரை நிதானமாகப் படித்தார்.

"மாட்டேன்" என்றார். "ஆனா இது நேரா கேட்டது. இதுல கோபம் இல்ல."

மனைவி தாங்காமல் மகளிடம் முறையிட்டாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசினாள். எழுத்து மறைக்கவில்லை.

"பாத்தியாடி, இந்தப் பிடிவாதத்தைக் கட்டிக்கிட்டு / முப்பது வருஷமா நான் படுற பாட்டை?"

"சரியாத்தான் எழுதுது" என்றார் அவர்.

மறுநாள் காலையில் அந்த ஆள் அளக்கிற டேப்போடு வந்தார். தெருமுனை திரும்பும்போதே தகரக் கண்ணாடியில் தெரிந்துவிட்டார். மூலைமட்டம் சுத்தியலைக் கீழே வைக்காமல் வாசலுக்கு நடுவில் போய் நின்றார். பட்டறை ஆட்களுக்கு அப்போதுதான் டீ வந்திருந்தது. அவரவர் டம்ளரை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.