கோமளாவின் நாற்பது விநாடி

உடுமலைப்பேட்டையில் கபடிப் பயிற்சி தரும் கோமளாவின் மூக்கு, ஒன்பது வருடம் முன்பு ஆட்டத்தில் முழங்கால் பட்டுக் கோணியது. அதன்பின் கபடி பாடினால் பத்தே விநாடியில் மூச்சு முட்டும். மூக்கைத் திருத்தக் கோவைக்குப் போனவர், மூச்சடைப்பையும் டாக்டரிடம் சொன்னார்.

"ரெண்டையும் சேர்த்தே பார்க்கலாமுங்க. ஆனா வீக்கம் முழுசா வடிய ஒரு வருசமாகும். நான் சொல்ற வரைக்கும் களத்துல எறங்கக் கூடாதுங்க."

ஆபரேஷன் முடிந்த ஏழாவது வாரம், கோட்டுக்கு வெளியே நின்றபடி பாடிப் பார்த்தார்.

"அக்கா, மூக்கு இன்னும் பன்னாட்டம் வீங்கித்தான் இருக்குதுங்க!" ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்ற மாணவி தேஜஸ்ரீ சிரித்தாள்.

கோமளா நிறுத்தவில்லை. கபடி, கபடி, கபடி... முப்பது தாண்டியது. நாற்பது!

தேஜஸ்ரீ துள்ளினாள். "மூக்கு மெதுவா வரட்டுமுங்க்கா, மூச்சு வந்துருச்சுங்க!"