நர்ஸம்மாவின் சைக்கிள்

ராயபுரத்தில் தேவகிருபையை அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. கடலோரக் குப்பங்களுக்கு அவள் நர்ஸம்மா. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த ஞானதுரையின் சொந்தக்காரர்களுக்கு மண்டிக்காரர் பெண்சாதி. மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு, தெற்கே சாயர்புரத்திலிருந்து கல்யாணமாகிப் பட்டணம் வந்தவள். இங்கே ஒரு பிரசவ நிலையத்தில் வேலை கிடைத்தது.

உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை அது. யாருக்கு வலி எடுத்தாலும் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். காசிமேடு, தண்டையார்பேட்டை, டோல்கேட்டுக்கு அப்பால் திருவொற்றியூர் போகிற வழியில் இருந்த குப்பங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. ஜட்காக்காரர்கள் தார் ரோடு முடிகிற இடத்தில் குதிரையை நிறுத்திவிடுவார்கள். "மணல்ல சக்கரம் புதைஞ்சிடும்மா" என்று சொல்லி அவளையும் அவள் பையையும் வெயிலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள்.

நிலையத்தில் இருந்த வெள்ளைக்கார நர்ஸ் சீமைக்குக் கப்பலேறியபோது தன் சைக்கிளை தேவகிருபைக்கு விட்டுப் போனாள். குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள். சாயங்காலங்களில் சர்ச் காம்பவுண்டுக்குள் வேப்பமரங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, விழாமல் போகப் பழகினாள். தெருவில் போவது வேறொரு வித்தை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஞானதுரைக்கு இதில் சம்மதம் இல்லைதான். ஆனாலும் அப்போது அவர் தடுக்கவில்லை.

அது நடந்தது டிராம் ரோட்டில், மண்டியிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்.

துறைமுகத்துக்குப் பஞ்சு மூட்டை ஏற்றிப் போன மாட்டு வண்டிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் போய்க்கொண்டிருந்தாள். வண்டி சட்டென்று நின்றது. மூட்டையில் முட்டாமல் இருக்க அவள் வலது பக்கம் ஒடித்தாள். முன்சக்கரம் சாய்வாகப் போய் டிராம் தண்டவாளத்தின் பள்ளத்துக்குள் இறங்கியது. இறங்கிய சக்கரம் எந்தப் பக்கமும் திரும்ப மறுத்தது. தேவகிருபை தோள் அடிபட விழுந்தாள்.

எழுந்திருக்கப் பார்த்தாள்; முடியவில்லை. கொசுவம் செயினுக்குள் சிக்கிப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. ராயபுரம் டிராம் வந்துகொண்டிருந்தது. டிரைவர் காலால் மணியை மிதிக்கிற சத்தம் அவள் காதுக்குள்ளேயே விழுந்தது. பிரேக் போடுகிறான் என்பது தெரிந்தது. நிற்குமா என்பது தெரியவில்லை. நடைபாதை முழுக்க ஆட்கள். ஒருவர்கூட ரோட்டில் இறங்கவில்லை. பெண்பிள்ளை மேல் கைவைத்து எப்படித் தூக்குவது என்று நின்றார்களோ என்னவோ.

பை கைக்கு எட்டியது. தொப்புள்கொடி வெட்டும் கத்திரியை எடுத்து முழங்காலுக்குக் கீழே சேலையை வெட்டினாள். மடிப்பு மடிப்பாக இருந்த துணி; ஒரே வெட்டில் போகவில்லை. கடைசி இழையைக் கையால் கிழித்துக்கொண்டு உருண்டாள். டிராம் அவள் மேல் ஏறவில்லை. சைக்கிளின் பின்சக்கரத்தை வளைத்து நெட்டித் தள்ளிவிட்டு நின்றது.

கால் தெரிய, அரைச் சேலையோடு அவள் ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் கூட்டம் கிட்டே வந்தது.

"இன்னாய்யா பாக்குறீங்க? ஒங்க வூட்டுல பொம்பளைங்க இல்லியா? நவுருங்க!"

தலையிலிருந்த மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தவள் கன்னியம்மா, டோல்கேட்டைத் தாண்டி ஒரு குப்பத்துக்காரி. கூடையின் மேல் மூடியிருந்த துணியை உதறி தேவகிருபையின் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். "மீன் நாத்தம் அடிக்கும். பொறுத்துக்கோ நர்ஸம்மா." கையைப் பிடித்து மண்டி வரை நடத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஞானதுரை கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேள்விப்பட்டிருந்தார். மனைவியின் தோளில் அடிபட்டிருந்ததைப் பார்த்து அவர் கண் கலங்கியது உண்மை. அன்று சாயங்காலமே சைக்கிளைத் தூக்கிச் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்குள் போட்டு, அதன் முன்னால் கருப்பட்டிச் சிப்பங்களை அடுக்கிப் பூட்டியதும் உண்மை.

"இனிமே அதத் தொடப்பிடாது. ஊரே பாத்திருக்கு. வேலையும் வேண்டாம், விட்டுரு. இங்க சோத்துக்கு இல்லாமலா கெடக்கு?"

"வேலைய விடமாட்டேன் அத்தான்."

"அப்போ நடந்து போ."

நடந்தாள். காலையில் கிளம்பி ஒரு பிரசவம் பார்த்துத் திரும்புவதற்குள் இன்னொரு வீட்டிலிருந்து ஆள் வந்து, காத்திருந்து, போய்விட்டிருப்பான். நிலையத்து மேலதிகாரியம்மாள் ஒரு நாள் சிரித்த முகத்தோடே சொன்னாள், "சமயத்துக்குப் போக முடியலேன்னா சொல்லிடு தேவகிருபை, வேற ஆள் பாத்துக்கலாம்." அவள் கால் வீங்கி வீட்டுக்கு வந்து உட்காரும்போது ஞானதுரை ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். அந்தப் பரிவு அவளுக்குப் பூட்டைவிடக் கனமாக இருந்தது. அவர் எதற்கோ காத்திருக்கிறார், தானே தோற்றுப்போய் வந்து சொல்வதற்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். கிட்டங்கிக் கதவைத் தாண்டித்தான் கிணற்றடிக்குப் போகவேண்டும். போகும்போது அந்தப் பக்கம் பார்க்கமாட்டாள்.

சித்திரை வெயிலில் ஒரு நண்பகல், கன்னியம்மாவின் மருமகன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவள் மகள் கெங்கம்மாவுக்குத் தலைப்பிரசவம். தேவகிருபை பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். டோல்கேட்டிலேயே அவளுக்குக் கண் இருட்டியது. மணலில் செருப்பு புதைந்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கால் வேக நடந்தாள். குடிசைக்குள் நுழைந்தபோது பிள்ளை கால்வழியாகப் பாதி வந்திருந்தது. தலை மாட்டிக்கொண்டிருந்தது. அவள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். தாய் பிழைத்தாள். ஆண் பிள்ளை, அழவே இல்லை.

கன்னியம்மா கத்தவில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "சைக்கிளு இன்னா ஆச்சு நர்ஸம்மா?"

"பூட்டி வச்சிருக்காங்க."

கன்னியம்மா துணியின் நுனியை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள்.

வீட்டுக்கு வந்து ஞானதுரைக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே நின்றாள். "நான் போகும்போதே காலு வெளிய வந்திட்டு அத்தான். கொஞ்சம் முந்திப் போயிருந்தா திருப்பியிருப்பேன். அன்னைக்கு எனக்குத் துணி சுத்திவிட்டாளே, அவ பேரப்பிள்ளை." அழாமல் சொன்னாள். அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

மறுநாள் காலையில் கிட்டங்கி திறந்திருந்தது. சிப்பங்கள் ஒதுங்கியிருந்தன. வளைந்த சக்கரத்தோடு சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது, தூசி துடைத்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன்" என்றார் ஞானதுரை, அவள் முகத்தைப் பார்க்காமல். "மண்டி வாசல் வழியாப் போவாத. டிராம் ரோடே வேண்டாம். சந்து வழியாப் போ."

சரி என்றாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்; கதவு முழுதாகத் திறக்கவில்லை என்றுதான் தோன்றியது.

டோல்கேட்டில் தமீம் என்பவர் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அங்கே போனாள். வழியில் எதிர்ப்பட்ட கன்னியம்மாவும் கூடையோடு சேர்ந்துகொண்டாள். தமீம் சக்கரத்தை நிமிர்த்தி மாட்டிவிட்டு அவளை ஒருமுறை ஏறி உட்காரச் சொன்னார்.

"சீட்டு ரொம்பத் தாழ கீதும்மா. முட்டி நோவுமே?"

"நோகும். எனக்கு வயசாயிட்டுன்னு நெனச்சேன்."

"வயசு இல்லே, சீட்டு. பெடல் கீழே போறச்சே காலு கிட்டத்தட்ட நீளணும்." உயர்த்தினார். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "காத்தும் இல்லே. தொளதொளன்னு கீற டயரை மிதிச்சா பாதி பெலன் அதுக்கே பூடும். வாரத்துக்கு ஒரு தபா வந்து அடிச்சுக்கினு போங்கோ. தண்டவாளம் வந்தா நேரா குறுக்கே வெட்டிக்கினு போவணும். சாஞ்சாப்பல போனா மாட்டிக்குவீங்கோ. மழைன்னா எறங்கித் தள்ளிக்கினு போயிடுங்கோ, வெக்கமே வேணாம்."

"சேலைக்கு என்ன செய்ய?" என்றாள் தேவகிருபை.

தமீம் காதைச் சொறிந்தார். அது அவருக்குத் தெரியாத விஷயம். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செயினுக்கு மூடி செய்யலாம் என்று மட்டும் சொன்னார். பின்சக்கரத்துக்கு வழி சொன்னவள் கன்னியம்மா. "வலை கட்டிடலாம். மீனே பூராத வலையிலே சேலை பூந்துடுமா?"

மறுநாள் வலைக்கயிறு கொண்டுவந்து, கடை வாசலில் குந்தியபடி மட்கார்டிலிருந்து அச்சுவரை நெருக்கமாகப் பின்னினாள். பிள்ளையைப் புதைத்து இன்னும் பதினாறு நாள்கூட ஆகவில்லை. அவள் விரல்கள் முடிச்சுப் போடுவதைப் பார்க்க தேவகிருபைக்குக் கூசியது. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயெடுத்தாள். "பேசாத நர்ஸம்மா, முடிச்சு தப்பிடும்" என்றாள் கன்னியம்மா. பின்னி முடித்ததும் எழுந்து, மீன்காரிகள் கட்டுவதுபோல் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகவும், முந்தானையை இடுப்பைச் சுற்றி இழுத்து ஊக்குப் போடவும் காட்டிக்கொடுத்தாள். தேவகிருபையின் கையில் தொங்கிய பையைத் தமீம் பின் கேரியரில் வாரால் இறுக்கினார்.

சந்துவழி சுற்று அதிகம். ஆனால் அங்கே டிராம் இல்லை, பஞ்சு வண்டிகள் இல்லை. குழாயடியில் நிற்கிற பெண்கள் மணிச் சத்தம் கேட்டு வழிவிடுவார்கள். ரோட்டில் வண்டிகளிடம் அகப்பட்டால் ஒரு வண்டி நீளம் விட்டுத்தான் பின்னால் போவாள். நிற்கிற மாட்டைக் கடக்கும்போது அது கொம்பை வீசினாலும் எட்டாத தூரம் ஒதுங்கிப் போவாள். வண்டிக்காரன் தூங்குகிறானா என்று முகத்தைப் பார்த்துக்கொள்வாள். புருஷன் வெட்கத்துக்காகப் போட்ட தடை தன் எலும்பைக் காப்பாற்றுகிறது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அதை நினைத்தால் கோபம்தான் வந்தது. தன் மண்டி வாசலை ஒருமுறையாவது தலைநிமிர்ந்து சைக்கிளில் கடக்க ஆசைப்பட்டாள், கேட்கவில்லை.

சமயத்துக்குப் போய்ச் சேரும் நர்ஸ் என்று பேர் வந்தது. மேலதிகாரியம்மாள் கூப்பிட்டனுப்பினாள். "திருவொற்றியூர் தாண்டி எண்ணூர், காத்திவாக்கம் வரைக்கும் இனி நீயே பாத்துக்கோ. அங்கே போக ஆளில்லே. உனக்கென்ன, சைக்கிள் இருக்கே!"

முடியாது என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் மண்டியின் பின்கட்டில் முடங்கவேண்டியதுதான். தேவகிருபை தலையை ஆட்டினாள்.

எண்ணூர் ரோட்டில் பகல் ஏறியதும் கடல்காற்று எழும்பும். முதலில் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்து மூச்சு வாங்கினாள். பிறகு குனிந்து, மெதுவாக, ஒரே சீராக மிதிக்கப் பழகினாள். மண்பானைத் தண்ணீரைப் புட்டியில் ஊற்றி எடுத்துப்போவாள். ஞானதுரை அதில் ஒரு துண்டு கருப்பட்டியும் சுக்கும் தட்டிப் போட்டுவைப்பார். அவரால் முடிந்தது அது.

ஒரு மார்கழிக் காலை, தண்டையார்பேட்டைக்கு அந்தப் பக்கம் ரயில் கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று நடுவிலேயே நின்றுவிட்டது. முன்னால் வண்டி மாடுகள், பின்னால் மில்லுக்குப் போகிற கூட்டம், இரண்டு பக்கமும் சாக்கடை. தேவகிருபை ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். கேட்டுக்கு அப்பால் ஒரு வீட்டில் சிவந்தி என்ற பெண்ணுக்கு விடிந்ததிலிருந்து வலி. மில்லாட்கள் தங்கள் சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு பெட்டிகளுக்கு அடியில் குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். "வா நர்ஸம்மா, நா தூக்கிக் குடுக்குறேன்" என்றான் ஒருவன். தலையசைத்து வேண்டாம் என்றாள். பெட்டிகள் எப்போது அசையும் என்று யாருக்கும் தெரியாது. தான் நசுங்கிப்போனால் சிவந்திக்கு யார் என்ற ஒரே கணக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டி நகர்ந்து கேட்டு திறந்ததும் எல்லாரும் ஒரேயடியாக முண்டினார்கள். மாடுகளை முதலில் போகவிட்டாள். இறங்கி, தண்டவாளங்களைத் தள்ளிக்கொண்டே கடந்து, அப்புறம்தான் ஏறினாள்.

போனபோது தலை தெரிந்துகொண்டிருந்தது. பெண் குழந்தை, வீல் என்று கத்தியது. தாயையும் பிள்ளையையும் துடைத்துப் படுக்கவைத்துவிட்டு, கை கழுவ வாசலுக்கு வந்தாள். யாரோ ஒருவன் அவள் சைக்கிளின் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றான்.

"எர்ணாவூர்ல நம்ம வூட்டுல வலி எடுத்துகினு கீதும்மா. இங்க கீறீங்கன்னாங்க."

தேவகிருபை கையைச் சேலையில் துடைத்தாள். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பையைக் கேரியரில் வைத்து வாரை இறுக்கினாள்.