மொட்டை மாடி போட்டோ

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மகனைப் போட்டோ எடுத்தேன். சட்டை போடாமல், எங்கள் ஃப்ளாட்டின் மொட்டை மாடியில், பின்னால் கொரட்டூர் ஏரி தெரிகிற மாதிரி.

அவனுக்கு இருபத்தெட்டு வயது. ஐ.டி. வேலை. சில மாதங்களாக ஜிம், ரீல்ஸ், அவித்த சிக்கன். சோற்றைக்கூட எடை போட்டு, தட்டோடு தன் அறைக்குள் போய்விடுவான். அவன் அப்பாவுக்கு ஓசூரில் வேலை. நான் டி.வி.க்கு எதிரே தனியாகச் சாப்பிடுவேன். கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத பிள்ளை... இதைப் போய்க் குறை சொல்வார்களா?

போட்டோ எடுக்கும்போதே அவன் உதடு வெடித்திருந்தது. மோர் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"போட்டோ முடியட்டும்மா."

முடிந்தது. படி இறங்கும்போது அப்படியே சரிந்து விழுந்தான்.

கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தான் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம்தான் கேட்டார். ஒரே வீட்டில் இருக்கிறேன் — எனக்குத் தெரியவில்லை.

கண்ணை மூடியபடி அவன் சொன்னான். "வெள்ளிக்கிழமை நைட் டாக்டர். தண்ணி, உப்பு ரெண்டையும் நிறுத்தினா மசில் நல்லா தெரியும்னு ரீல்ல..."

டாக்டர் கிட்னி, இதயம் என்று ஏதேதோ சொன்னார். பாதி என் காதில் ஏறவில்லை. ட்ரிப்ஸ் போட்ட நர்ஸம்மா மட்டும், "இன்னா தம்பி, போட்டோவாவது நல்லா வந்துச்சா?" என்றார்.

நன்றாகத்தான் வந்திருக்க வேண்டும். நான் மருந்து வாங்கித் திரும்புவதற்குள், ட்ரிப்ஸ் ஏறாத கையால் அதை இன்ஸ்டாவில் போட்டுவிட்டான்.

வராந்தாவில் நிற்கிறேன், ஆவடித் தோழியிடமிருந்து போன். "உன் பையன் சும்மா ஹீரோ மாதிரி கீறான்டி. இன்னா துன்றான்னு கேட்டு அனுப்பு. எங்க ஊட்டுக்காரர் தொப்பைய பாக்க சகிக்கல."

உள்ளே படுத்திருக்கிறான் என்று சொல்ல வாய் வரை வந்தது. யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சியிருந்தான். கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். ஊரே அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது... அவன் எப்படி இருக்கிறான் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பிள்ளைகளிடமிருந்து போனைப் பிடுங்குங்கள் என்று எல்லோரும் எழுதுகிறோம். போன் பில்லைத் தானே கட்டுகிற பிள்ளையிடம் எதைப் பிடுங்குவது?

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கிறதா என்று அவன் அறைக் கதவருகே நிற்கிறேன். இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். பேர் போடாமல் எழுது என்றான். போட்டோவை டெலீட் செய்யத்தான் அவனுக்கு மனம் வரவில்லை.

உங்கள் கண்ணில் பட்டால், தயவுசெய்து லைக் போட்டுவிடாதீர்கள்.