தொண்ணூறு நாள் மருமகள்

வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டவனுக்கு, பார்க்கிற வேலையோடு சம்பளமில்லாத இன்னொரு வேலையும் சேர்ந்துவிடுகிறது. அதன் பெயர் நாள் எண்ணுவது. பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையைப் பார்த்து, விரல்விட்டு எண்ணி, “இன்னும் பதினோரு நாள்தான்” என்று பெருமூச்சு விட்டிருக்கிற சக ஊழியர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிக்கலாம், தடையில்லை.

அரிசி ஆலைகளுக்கு இயந்திரம் பொருத்துவது என் தொழில். வியட்நாமில் மேக்கோங் ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்கு அந்த வேலையாகப் போனபோதுதான் லானைப் பார்த்தேன். அந்த ஆலையில் தரம் பார்க்கிறவள் அவள். ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, முகம் சுளித்தாள். அச்சு அசலாக எங்கள் அப்பா. அங்கேயே விழுந்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா நான்கு நாள் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் லானை வீடியோவில் பார்த்துவிட்டு, “இவ ஏன் இவ்வளவு எளைச்சிருக்கா?” என்று கேட்டாள். சம்மதம் என்று நான் புரிந்துகொண்டேன். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோவிலில் தை மாதம் தாலி கட்டினேன். ஊர் ஒப்புக்கொண்டது. அரசாங்கம் ஒப்புக்கொள்ளப் பதிவுத் திருமணம் வேண்டும். அதற்கு, லான் ஏற்கெனவே மணமானவள் அல்ல என்று அவள் நாட்டிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும். சான்றிதழின் ஆயுள் ஆறு மாதம். மேசை மேசையாக முத்திரை வாங்கிக்கொண்டு அது எங்கள் கைக்கு வருவதற்குள் ஆயுள் முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து விண்ணப்பித்தோம். அதுவரை லான் எங்கள் வீட்டில் சுற்றுலாப் பயணி.

நெல்லுக்கு உள்ள சலுகை

சுற்றுலா வீசா ஒரு வருடத்துக்கு என்றாலும் ஒரு தடவைக்குத் தொண்ணூறு நாள்தான் இருக்கலாம். நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பினால் மறுபடி தொண்ணூறு. ஒரு நாள் பிசகினாலும் அபராதம், விசாரணை, அடுத்த வீசா கிடைக்குமா என்பதே சந்தேகம். இதை அப்பாவுக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அவர் வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“தொண்ணூறு நாளா? குறுவ நெல்லே அறுப்புக்கு வர நூத்திப்பத்து நாள் ஆவும்டா. நெல்லுக்குக் குடுக்கறதக்கூட பொண்ணுக்குக் குடுக்கலையே!”

பெரிய கோவில் பார்க்காத பயணி

முதல் தொண்ணூறு சித்திரையில் முடிந்தது. திருச்சியில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினோம். திருச்சி விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி லானிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: எதற்காக வருகிறீர்கள்? சுற்றுலா என்றாள். போன தடவை என்னென்ன பார்த்தீர்கள்? அவள் நேர்மையானவள். எங்கள் வீடு, உளுந்து வயல், அரிசி ஆலை, ஒரத்தநாட்டு மாட்டு ஆஸ்பத்திரி என்று வரிசையாகச் சொன்னாள். எங்கள் பசுவுக்கு அப்போது வயிறு உப்பியிருந்தது, அதற்காக நாலு தடவை போயிருந்தோம்.

பெரிய கோவில்? இல்லை. அரண்மனை? இல்லை. கல்லணை? “அத்தை சொன்னாங்க, அப்பறம் போலாம்னு” என்று தமிழுக்கு மாறிவிட்டாள். அம்மா கற்றுக்கொடுத்த தமிழ். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மனிதர் தஞ்சாவூர்க்காரராக இருக்க வேண்டும், முத்திரையைக் குத்திக்கொண்டே சொன்னார்:

“அடுத்த தடவ வர்றதுக்குள்ள பெரிய கோவிலையாவது பாத்துடுங்கம்மா. டூரிஸ்ட்டுன்னு முத்திர குத்த எனக்கே சங்கடமா இருக்கு.”

வேடிக்கை பார்த்தவள்

வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் படிவம் கொடுக்க வேண்டும். கொடுத்திருந்தேன். ஆனியில் ஒரு நாள், அதைச் சரிபார்க்க ஒரு காவலர் வந்தார். வீட்டில் யாருமில்லை. குறுவை நடவு நடந்துகொண்டிருந்ததால் நேரே வயலுக்கு வந்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லார் தலையிலும் துண்டு, எல்லார் முதுகும் வரப்பைப் பார்த்து. இதில் வெளிநாட்டவர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, அதுதான் பயம். சுற்றுலாப் பயணி வேலை செய்யக்கூடாது. அது சொந்த வயலுக்கும் பொருந்துமா என்று நான் எந்தப் படிவத்திலும் படித்ததில்லை.

நடவுக்குத் தலைமையாக இருந்த செல்வி அக்கா, கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொன்னார்: “அந்தப் பொண்ணு சும்மா வேடிக்க பாக்குதுங்க சார்.” லான் நிமிர்ந்தாள். முழங்கை வரைக்கும் சேறு, கையில் பாதி நாற்று முடி. காவலருக்குக் கும்பிடு போட்டாள். அவர் வரப்பில் நின்று, அவளுக்குப் பின்னால் நூல் பிடித்ததுபோல் நட்டிருந்த வரிசையை நிதானமாகப் பார்த்தார். படிவத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வண்டியை உதைத்தார்.

“வேடிக்க பாத்தே கால் மா நட்டுட்டாங்க போலருக்கே! எங்க வயலுக்கும் ஒரு நாள் வேடிக்க பாக்க வரச் சொல்லுங்க.”

பாட்டிமையும் பூட்டும்

இரண்டாவது தொண்ணூறு ஆடியில் முடிந்தது. அம்மாவுக்கு ஏக சந்தோஷம். சித்திரையில் லான் கிளம்பியபோது, “என்ன, மருமவ கோச்சுக்கிட்டுப் போயிட்டாளா?” என்று தெருவே விசாரித்திருந்தது. ஆடியில் புதுப்பெண் தாய்வீடு போவது முறைதானே, யாரும் வாயைத் திறக்க முடியாது. ஆனால் அப்பாவுக்கு வேறு கவலை. தொண்ணூறாம் நாள் அமாவாசைக்கு மறுநாள், பாட்டிமை. பாட்டிமையில் அவர் உரம் வாங்கக்கூடக் கிளம்பமாட்டார். டிக்கெட்டை முன்னாலேயே போட்டிருக்கலாம்தான். ஒரு நாள்கூட விட்டுத்தர மனமில்லாமல் கடைசி நாளுக்குப் போட்டவன் நான்.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். பரஸ்தானம். நாள் சரியில்லை என்றால், முந்தைய நாள் நல்ல நேரத்தில் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். அமாவாசை விடிகாலையில் லானின் பெட்டியைப் பக்கத்து வீட்டுச் சகுந்தலா அக்கா வீட்டில் வைத்தார். நல்லது. ஆனால், இல்லாமல் போக முடியாத பொருள் ஒன்று பெட்டியில் இருந்தால்தான் பரஸ்தானம் செல்லும் என்று, என்னிடம் சொல்லாமல் பாஸ்போர்ட்டையும் உள்ளே வைத்துவிட்டார். சகுந்தலா அக்கா அன்று காலையே அமாவாசை முழுக்குக்குக் கோடியக்கரை போய், அப்படியே வேதாரண்யத்தில் மகள் வீட்டில் தங்கிவிட்டார்.

மறுநாள் காலை கார் வாசலில் நிற்கிறது, பக்கத்து வீட்டுக் கதவில் பூட்டு. போன் செய்தேன். பூட்டிய வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது. கோடியக்கரைப் பக்கம் போய்த் தேடிவிட்டு வந்தால் விமானம் போய்விடும். அப்பா இடிந்துபோய் நின்றார். லான் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அழுகிற நிலையில்தான் இருந்தேன். அப்போது அம்மா கொல்லையிலிருந்து கடப்பாரையோடு வந்தாள். நான்கு நாள் சாப்பிடாமல் இருந்த அதே அம்மா. “அடுத்தவங்க வீட்டுப் பூட்ட, அதுவும் பாட்டிமையில...” என்று அப்பா ஆரம்பித்தார். மூன்றாவது அடியில் பூட்டு கழன்று விழுந்தது.

“பூட்டு கடையில கெடைக்கும். இவ நாள் தவறிப் போயிட்டா, எந்தக் கடையிலங்க வாங்குவேன்?”

புதுப் பூட்டு

கொழும்பிலிருந்து திரும்பும்போது லான் சகுந்தலா அக்காவுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தாள், நல்ல கனமானது. அக்கா எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனோம். அவர் காப்பி கொடுத்தார். பூட்டைத் திறந்து மூடிச் சோதித்துப் பார்த்தார். பிறகு இரண்டு சாவிகளில் ஒன்றைக் கழற்றி லான் கையில் வைத்து மூடினார்.

“இது ஒன்கிட்டயே இருக்கட்டும்மா. ஒன் மாமனாரு மறுபடி நாள் பாப்பாரு. ஒன் மாமியா மறுபடி கடப்பாரையத் தூக்குவா.”

தொண்ணூற்றோராம் நாள்

ஆவணியில் சான்றிதழ் உயிரோடு வந்து சேர்ந்தது. உடனே பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்தோம். முப்பது நாள் காத்திருந்து, கையெழுத்துப் போட்டு, அன்றே மனைவிக்கான நீண்ட அனுமதிக்கு விண்ணப்பித்தேன். லான் திரும்பி வந்து எண்பது நாள் ஆயிற்று, பதில் இல்லை. எண்பத்தைந்து, இல்லை. கொழும்புக்கு டிக்கெட் போட்டுவைத்தேன். எண்பத்தேழாம் நாள், மழையில் நனைந்துகொண்டே நான் ஓர் ஆலையில் நின்றிருந்தபோது போனில் அனுமதி வந்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். லான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அம்மா அவளைத் தேற்றுகிறேன் என்று அவளைவிடச் சத்தமாக அழுதாள்.

தொண்ணூற்றோராம் நாள் காலை நான் எழுந்தபோது அப்பா நாள்காட்டி முன்னால் கண்ணாடியோடு நின்றிருந்தார். முந்தைய நாள் தாள் இன்னும் கிழிபடாமல் இருந்தது; அந்தத் தொண்ணூறாம் நாளை அவர் இரண்டு மாதத்துக்கு முன்பே சிவப்பு மையில் வட்டமிட்டு, பயணத்துக்கு நல்ல நேரம் எது என்றும் பக்கத்தில் எழுதிவைத்திருந்தார். உள்ளே லானும் அம்மாவும் மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா அதைக் கேட்டபடியே நின்றார். பிறகு தாளைக் கிழித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“பாடுபட்டுப் பாத்துவச்ச நல்ல நேரம், ஒருத்தரும் கெளம்பாம வீணாப் போச்சு. போவட்டும்டா, இனிமே எல்லாமே வீணாப் போவட்டும்.”

இப்போது எங்கள் வீட்டில் நெல்லுக்கு மட்டும்தான் நாள் எண்ணுகிறோம். பெரிய கோவிலைத்தான் லான் இன்னும் பார்க்கவில்லை.