பதினெட்டு முடிச்சுகளும் ஒரு நட்சத்திரமும்

எங்கள் அலுவலகத்துக்குக் கணிப்பொறி வந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. எண்பதுகளின் கடைசி. திருப்பத்தூரில் ஒரு வேளாண் ஆராய்ச்சி அலுவலகத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். அங்கே குளிர்சாதனம் வைத்த ஒரே அறை கணிப்பொறிக்குப் போனது. அதிகாரி மின்விசிறியோடு நிறுத்திக்கொண்டார். உள்ளே நுழையச் செருப்பைக் கழற்ற வேண்டும். ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் வைத்த குங்குமத்தை அடுத்த ஆயுத பூஜை வரை யாரும் துடைக்கவில்லை. புள்ளியியல் படித்தவள் என்பதால் அதைத் தொடும் உரிமை எனக்குக் கிடைத்தது. போட்டிக்கு யாரும் வரவில்லை.

என் வேலை ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூரின் சாமைக் கணக்கு. அந்த ஊரில் வீட்டுக்கு ஒன்றாக, ஏறக்குறைய ஒரே பரப்புள்ள பதினெட்டுக் காடுகளுக்கு, அதாவது மானாவாரி நிலங்களுக்கு, அலுவலகம் விதை கொடுத்திருந்தது. மூட்டைகள் ஒரே நாளில் மலையேறவில்லை. ஜீப் ஓடிய நாட்களில் ஏறின. அதனால் ஆனி இரண்டாம் தேதி விதைத்தவரும் உண்டு, ஆடிப் பெருக்கு முடிந்து ஒரு வாரம் கழித்து விதைத்தவரும் உண்டு. எந்தத் தேதியில் விதைத்தால் நன்றாக விளைகிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். ஜீப் பழுதானதை அறிக்கையில் 'வெவ்வேறு விதைப்புக் காலங்கள்' என்று எழுதினோம்.

அறுவடையின்போது மலையில் பத்து நாள் தங்கினேன். ஊரில் அளவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆறாவதாக விதைத்த ஒரு அக்கா. நாற்பது வயதிருக்கும், உரத்த குரல். பாறைக் களத்தில் மரக்காலால் சாமையை அளந்து கொட்டும்போது, மரக்காலுக்கு ஒரு புளியங்கொட்டையைத் தனியே எடுத்து வைப்பார். முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணிக்கை போகும். ஒரு காடு முடிந்ததும் அந்தக் கொட்டைகளை ஒரு துணியில் முடிந்து வைப்பார். விதைத்த வரிசைப்படி பதினெட்டு முடிச்சுகள். நோட்டுப் புத்தகம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். நோட்டு நனைந்தால் என்ன செய்வாய் என்று திருப்பிக் கேட்டார்.

நான் கிளம்பும் நாளில் அக்கா கேட்டார்:

"பாப்பா, உன் மிஷின்ல இத்தப் போட்டா, வர்ற வருசம் வெத ஆனியிலயே வந்துடுமா?"

"வந்துரும் அக்கா."

"நெசமாவா? நம்பி நான் வெத எடுத்து வெக்காம இருக்கலாமா?"

"வைக்கவே வேணாம்."

எனக்கு அப்படிச் சொல்ல எந்த அதிகாரமும் கிடையாது. குளிர்சாதன அறையின் சாவி என்னிடம் இருந்தது, அவ்வளவுதான்.

புள்ளியியலுக்கென்றே செய்த ஒரு மொழியில் நிரல் எழுதினேன். கையேடு மூன்றாவது தலைமுறை நகல். பாதிப் பக்கங்களில் எழுத்தைவிடக் கருப்பு அதிகம். ஒரே வேலையைப் பதினெட்டு முறை செய்யச் சொல்லும் லூப் ஒன்று வைத்தேன். ஒவ்வொரு காடாக எடுத்து, மரக்காலைக் கிலோவாக்கி, ஏக்கருக்கு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். விடையை 'விளைச்சல்' என்ற பெயரில் போட வேண்டும், விதைத்த நாளை 'நாள்' என்ற பெயரில். கடைசியில் இரண்டையும் வைத்து வரைபடம்: நாள் இடமிருந்து வலமாக, விளைச்சல் கீழிருந்து மேலாக. திரையில் பதினெட்டு எண்களும் ஒவ்வொன்றாக ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். எல்லாம் சரி. அச்சுப்பொறி ஐந்து நிமிடம் அலறிவிட்டு ஒரு வரைபடம் கொடுத்தது. அதில் ஒரே ஒரு நட்சத்திரக் குறி இருந்தது, வலது பக்கத்தில், உயரத்தில்.

மற்ற பதினேழும் எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பதினெட்டுக் காடுகளின் சாரத்தை இயந்திரம் பிழிந்து ஒரே நட்சத்திரமாகக் கொடுத்திருக்கிறது என்று நினைத்தேன். அதன் அறிவை நினைத்து மலைப்பாகக்கூட இருந்தது.

அதிகாரி தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரொம்பத் தெளிவா இருக்கும்மா. தாமதமா விதைச்சா நல்ல விளைச்சல். ஆடிக் கடைசியில ஒரே நடையா அனுப்பிடலாம், ஜீப்புக்கும் அலைச்சல் இல்ல."

அவர் அப்படிச் சொன்னபோது எனக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் தாளில் அப்படித்தான் இருந்தது. மூன்றாம் நாள் உத்தரவு கையெழுத்தாகிவிட்டது.

மாசியில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மலையேறினேன். அக்காவுக்குப் பெருமையாகக் காட்டுவதற்கு.

"இன்னா பாப்பா இது, ஒரே ஒரு பூச்சி உக்காந்துக்கினு கீது?"

"பதினெட்டுக் காடும் சேர்ந்து இதுதான் அக்கா."

அக்கா எழுந்தார். உள்ளே போய்த் துணி முடிச்சுகளைக் கொண்டுவந்து பாறையில் அவிழ்த்தார். முடிச்சுக்கு ஒரு வரிசை, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. புளியங்கொட்டை வரிசைகள் முதலில் நீளமாக இருந்தன. விதைத்த நாள் தள்ளத் தள்ள வரிசை குட்டையாகிக்கொண்டே போனது. பதினேழாவது வரிசையில் பதினோரு கொட்டைதான். பதினெட்டாவது மட்டும் திடீரென்று நீண்டிருந்தது. நாற்பத்து நான்கு.

"அது கடைசியா வெதச்ச காடு. ஆட்டுக்கெடை போட்டு எரு ஏறுன எடம். எப்ப வெதச்சாலும் வெளையும்," என்றார் அக்கா. "என் துணியில பதினெட்டு கீது, உன் தாள்ல ஒண்ணு கீது. மிச்சத்த எங்க கொட்டுன?"

எங்கே கொட்டினேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் வைத்திருந்தது ஒரே ஒரு 'விளைச்சல்', ஒரே ஒரு 'நாள்'. இரண்டாவது காட்டின் விடை உள்ளே போனதும் முதலாவது போய்விட்டது. மூன்றாவது போனதும் இரண்டாவது போய்விட்டது. கடைசியில் தங்கியது கடைசிக் காடு. மரக்காலில் அளந்து அளந்து தரையில் கொட்டிவிட்டு, ஒரு கொட்டைகூட எடுத்து வைக்காமல், கடைசி மரக்காலைக் காட்டி இதுதான் மகசூல் என்று சொல்லியிருக்கிறேன்.

"வெத ஆனியில வரும் இல்ல?" என்றார் அக்கா.

"வரும்," என்றேன். இரண்டாவது முறையாக.

திரும்பிப் போய் நிரலைத் திருத்தினேன். லூப் தொடங்கும் முன்பே இரண்டு பெயர்களுக்கும் பதினெட்டுப் பதினெட்டுக் காலி இடங்களை வரிசையாகச் செய்து வைத்தேன். ஒவ்வொரு விடையும் தன் எண்ணுள்ள இடத்துக்குப் போனது. இரண்டே வரி மாற்றமும் இரண்டு வரி சேர்ப்பும். பதினெட்டு நட்சத்திரங்களும் வந்தன, பாறையில் கண்ட அதே சரிவோடு. அதிகாரியிடம் கொண்டுபோனேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன்.

"இருக்கட்டும்மா. ஆனா போட்ட உத்தரவ இந்த வருசம் மாத்த முடியாது. அடுத்த வருசம் பாக்கலாம்."

பங்குனியில் மறுபடி மலையேறி, விதை ஆடிக் கடைசியில்தான் வரும் என்ற உண்மையைச் சொன்னேன். மற்ற பதினேழு வீட்டாருக்கும் அதனால் எந்தச் சிரமமும் இல்லை. அவர்கள் முதலிலிருந்தே என்னை நம்பாமல் சொந்த விதையை எடுத்து வைத்திருந்தார்கள். அக்கா மட்டும் நம்பினார். வைத்திருந்த விதைச் சாமையைத் தை மாதமே குத்திச் சமைத்தாயிற்று.

"பக்கத்து வூட்டுல கேட்டா தர மாட்டாங்களா அக்கா?"

"தருவாங்க. அந்தப் பொண்ணு பேச்ச நம்பாதன்னு சொன்னவங்ககிட்ட எல்லாம் உனக்காக சண்ட போட்டவ நானு. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கினு போய்க் கேக்கறது?"

நான் கேட்கிறேன் என்றேன். கூடாது என்றுவிட்டார். மலையடிவாரத்துச் சந்தவாசலில் வாங்கி அனுப்புகிறேன் என்றேன். அதுவும் வேண்டாம் என்று முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மற்றவர்கள் ஆனியிலேயே சொந்த விதையை விதைத்துவிட்டார்கள். அலுவலக விதை ஆடிக் கடைசியில் வந்தது, உத்தரவில் கண்டபடி, ஒரே நடையில். ஜீப் அந்த முறை பழுதாகவில்லை.

கார்த்திகையில் களத்தில் அக்காவே அளந்தார். "லாபம், ரெண்டு, மூணு" என்று தொடங்கி ஒன்பதில் குரல் நின்றது. போன வருடம் நாற்பத்தொன்று. அந்த ஒன்பது கொட்டைகளையும் துணியில் வைத்து முடிந்தார்.

இந்த முறை பதினெட்டில் ஒன்றுகூட அழியாமல் சேமித்தேன். வரைபடத்தில் பதினேழு நட்சத்திரங்கள் இடது பக்கம் மேலே கூட்டமாக நின்றன. ஒன்று வலது மூலையில் தரையோடு கிடந்தது. அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார்.

"இந்த ஒண்ணு இருக்கறதாலதான்ம்மா விஷயம் தெளிவாவுது," என்று சொல்லி, இனி ஆனி பிறக்கும் முன்பே விதை அனுப்ப வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

தாளையும் உத்தரவின் நகலையும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். உத்தரவைப் படித்துக் காட்டினேன். அக்கா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வரைபடத்தில் தன் காடு எங்கே என்று கேட்டார். மூலையில் கிடந்த நட்சத்திரத்தைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தார்.

"இத்த மட்டும் அழிச்சிடாத பாப்பா," என்றார்.